டோரிஸுக்கு மூன்று கை மண்

1

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி தவமணியும் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்தோம். செத்தது ஒரு மீன்.

இதை வாசிக்கிற நீங்கள் மட்டக்களப்பின் பனிச்சங்கேணியில் இருந்தாலும் சரி, களுதாவளையில் இருந்தாலும் சரி, இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். ஊரில் இருந்த காலத்தில் யாராவது என்னிடம் இப்படி வந்து சொல்லியிருந்தால், "பாவம், ஆளுக்குத் தட்டிப் போட்டுது" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

மீனின் பெயர் டோரிஸ். ஓம், பெயர் இருக்கிறது. இனத்தைக் கேட்டால் கார்ப் என்பார்கள். நம்மூர்க் குளத்துக் கெண்டைக்கு அக்கா முறை வரும். மூன்று வயதுப் பிள்ளையின் பாரம். இடது பக்கச் செட்டை பாதி கிழிந்து, அதற்குப் பின்னால் செதில் இல்லாமல் உள்ளங்கை அளவுக்கு ஒரு வழுக்கை. அந்த அடையாளத்தை வைத்துத்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஒரு மீனை "அவள்" என்று எழுதுகிறேன், பாருங்கள். இந்த நாடு என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

2

இங்கே மீன் பிடிப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் உங்களுக்கு விசர்க்கதையாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். கடல் பார்ப்பதென்றால் எந்தப் பக்கமும் கார் பிடித்துப் போக வேண்டும். ஆனால் ஆறு இருக்கிறது. மண் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரியாகிப் போன இடங்களும் இருக்கின்றன. தூண்டில் போடுவதற்கு அரசாங்கத்திடம் ஓர் அனுமதி எடுக்க வேண்டும். ஏரிக்கு ஒரு சங்கம் இருக்கும், அதில் சேர இன்னொன்று. வசந்தத்தில் மூன்று மாதம் ஆற்றில் தூண்டிலே போடக் கூடாது, மீன் முட்டையிடும் காலமாம். இத்தனையும் எடுத்து, கொட்டுகிற மழையில் குடைக்குக் கீழே நாள் முழுக்கக் குந்தியிருந்து, பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்து, பிறகு என்ன செய்வார்கள் தெரியுமா? திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

அனுமதியெல்லாம் எடுத்துத் தந்தது என் மகள் மயூரிதான். பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். நான் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்து முடிப்பதற்குள் அவள் கைத்தொலைபேசியிலேயே வேலையை முடித்துவிடுவாள். "அப்பா, மீன் எடுத்துட்டு வரக்கூடாது எண்டு போட்டிருக்கு" என்று அப்போதே சொன்னாள். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவு அலைச்சல்பட்டுப் பிடித்த மீனை எவன் விடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே எனக்கு ஒரு பிரீம் விழுந்தது. சாப்பாட்டுக் கோப்பை அளவு, நல்ல தட்டையான மீன். என் கை எனக்காகக் காத்திருக்கவில்லை. ஏழு வயதில் தோணியில் ஏறிய நாளிலிருந்து செய்த வேலையை அது தானாகவே செய்தது: பக்கத்தில் கிடந்த கட்டையால் தலையில் இரண்டு தட்டு, மீன் பைக்குள். நிமிர்ந்து பார்த்தால் ஏரிக்கரையில் இருந்த அத்தனை பேரும் எழும்பி நிற்கிறார்கள். அவர்களுடைய நாயை நான் அடித்துப் போட்டதுபோல ஒரு பார்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கெட்டித்தனத்தைப் பார்த்து வியக்கிறார்கள் என்று நினைத்துப் பையைத் தூக்கிக் காட்டினேன்.

அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார்கள். டெரிக்தான் எனக்காகப் பேசினார். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, பெரிய வயிறும் சின்னக் குரலும். "இவருடைய நாட்டில் மீன் என்றால் சாப்பாடு. சொல்லிக் கொடுத்தால் பழகிவிடுவார்" என்று சங்கத்துக்காரரிடம் சொன்னாராம். என் பெயர் நாகராசா. அவருடைய வாயில் அன்றிலிருந்து நான் நாக்ஸ்.

பழகினேன். பழகினது மட்டுமில்லை, இன்றைக்கு அந்த ஏரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மற்றவர்கள் கடையில் விலை கொடுத்து வாங்குகிற இரையை மீன் மணந்து பார்த்துவிட்டுப் போகும். நான் கோதுமை மாவில் துருவிய தேங்காய்ப்பூவும் வெந்தயமும் கொஞ்சம் கறித்தூளும் போட்டுப் பிசைந்து உருட்டிக்கொண்டு போவேன். வெள்ளைக்கார மீனுக்கு நம்மட கறித்தூள் என்றால் உயிர். டெரிக் எத்தனையோ தரம் பக்குவம் கேட்டுப் பார்த்தார். சொல்வேனா?

பிடித்த மீனை வெறும் தரையில் போடக் கூடாது, ஈர மெத்தையில் கிடத்த வேண்டும். தூண்டில் குத்திய இடத்தில் மருந்து பூச வேண்டும். பிறகு ஒரு படம் எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் அணைத்துப் பிடித்திருந்து, அது தெம்பாக வாலை அடித்த பிறகுதான் கையை எடுக்கலாம். ஊரில் நான் விழுந்து முழங்கால் உடைந்தபோதுகூட என்னை யாரும் இப்படிப் பார்க்கவில்லை. ஒரே மீனைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதால் பெரிய மீன்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். டோரிஸ் அந்த ஏரிக்கு மூத்தவள்.

3

மீனை விட்டுவிடுகிற இந்த வழக்கம் எனக்கு ஏன் இவ்வளவு கெதியில் சரிப்பட்டு வந்தது என்று டெரிக்குக்கு ஆச்சரியம். அவருக்கு நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மீன் காய்ச்சுவதில்லை. வந்த நாளிலிருந்து இல்லை.

மட்டக்களப்பான் வீட்டில் மீன் இல்லையா என்று கேட்பீர்கள். நான் வேலை செய்கிற, பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையின் கன்டீனில் வெள்ளிக்கிழமைகளில் மீன் போடுவார்கள். ஊரில் நாங்கள் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாத நாள் வெள்ளி. இங்கே நான் மீன் தின்கிற ஒரே நாளும் அதுதான். தவமணிக்கு அது தெரியும். அன்றைக்கு மட்டும் வாசலிலேயே, "போய்க் கையக் கழுவிட்டு வாங்க" என்பாள். 

காரணம் அவளுடைய தம்பி தேவன்.

சுனாமி வந்த அன்று காலையில் தேவன் கடற்கரைக்குக் கரைவலை இழுக்கப் போயிருந்தான். பத்தொன்பது வயது. நான் ஆற்றில் தோணியில் நின்றேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தண்ணீர் கடல் பக்கமிருந்து உள்ளே ஏறி வந்தது. தோணி எங்கே போனதென்று தெரியாது, நான் ஒரு கண்டல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தப்பினேன். தண்ணீர் வடிந்த பிறகு இன்னொருவருடைய தோணியை எடுத்துக்கொண்டு ஆற்றை மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். எத்தனையோ பேரைத் தூக்கிக் கரை சேர்த்தேன். தேவனை மட்டும் காணவில்லை.

அந்த நாட்களில் ஊரில் யாருமே மீன் தின்னவில்லை. ஆற்றிலும் கடலிலும் நம்முடைய சனம் கிடக்கும்போது எப்படித் தின்பது? பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் தொடங்கினார்கள். தவமணி தொடங்கவில்லை. கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், மரணச் சான்றிதழுக்குப் பதியச் சொன்னார்கள். "ஆளக் காணாம என்னத்தப் பதியிற?" என்று கேட்டுவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

அடுத்தது சண்டை. ஷெல்லடிக்குள் வாகரைப் பக்கமிருந்து நடந்தும் விழுந்தும் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். முகாமில் ஒருவர், தேவனைப்போல ஒரு பொடியனை வடக்கே வன்னியில் கண்டதாகச் சொன்னார். அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, உண்மையிலேயே யாரையாவது கண்டாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். அன்றோடு தவமணியின் நம்பிக்கை கடலைவிட்டு வன்னிக்குப் போய்விட்டது. நாங்கள் இங்கிலாந்து வந்து சேர்ந்த பிறகு சண்டை முடிந்தது. வயிற்றில் மயூரியோடு தவமணி கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, முகாம்களின் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்ப்பாள். நான் "வா, படு" என்றால், "இந்த வரிசை மட்டும்" என்பாள்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்தால் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை வீட்டில் மச்சம் இல்லை. முடிந்த மறுநாள் முதல் மீன் காய்ச்ச வேண்டும். அந்த மீனை, செத்தவனுக்கு மச்சான் முறையானவன்தான் கொண்டுவருவான். வாசல் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பான். வீட்டுப் பெண் வந்து கையில் வாங்குவாள். அதற்குப் பிறகு வீடு பழையபடி வீடு. அக்காவின் புருஷன் நான், தேவனுக்கு மச்சான். அந்த மீன் என்னுடைய கடமை. ஆனால் செத்துவிட்டான் என்று அவள் சொல்லாமல் நான் எப்படி மீனோடு வந்து நிற்பது? மலைபோல மீன் பிடிக்கிறேன், ஒரு மீன்கூட என் வீட்டுக்கு வர முடியாது. மீனைத் திரும்ப விடுகிற நாடு எனக்கு வாய்த்தது ஒரு வகையில் நல்லதுதான்.

போன வருஷம் மயூரி சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டாள். "அம்மா, மாமா செத்துட்டார்தானே? ஏன் ஒருத்தரும் சொல்றீங்க இல்ல?" அவளுக்குத் தேவன் சுவரில் இருக்கிற ஒரு படம். தவமணி கோபிக்கவில்லை. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். 

4

இந்த வருஷம் பனிக்காலம் முடிகிற நேரம் எனக்கு டோரிஸ் விழுந்தாள்.

அப்போது அது டோரிஸ் என்று எனக்குத் தெரியாது. பாரமான மீன், அவ்வளவுதான். டெரிக் வலைக்கரண்டியோடு ஓடிவந்து அள்ளிக் கொடுத்தார். மெத்தையில் கிடத்தி, கிழிந்த செட்டையைக் கண்டதும் அந்தப் பெரிய மனுஷன் அப்படியே சேற்றில் முழங்காலில் இருந்துவிட்டார். "டோரிஸ்! நாக்ஸ், இது டோரிஸ்! ஆறு வருஷமாக ஒருவரும் காணவில்லை. செத்துவிட்டாள் என்று நாங்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டோம்." அவருடைய கண்ணில் தண்ணீர். ஏரி முழுக்கக் கூடிவிட்டது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போய், கையால் அளந்து காட்டிக் காட்டிச் சொன்னேன். "எல்லாரும் செத்துப் போச்சு எண்டு விட்ட மீன், புள்ள! ஆறு வருஷம்! சும்மா அடியில கிடந்திருக்கு, உசிரோட!"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. தவமணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். பல வருஷமாக நான் பார்க்காத வெளிச்சம் அது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றாள். "ஒருத்தரும் காணல்ல எண்டா ஆள் இல்ல எண்டு அர்த்தமா?"

"அது மீன், தவமணி."

"மீன் இருந்தா மனிசன் இருக்க மாட்டானா?"

அன்றிலிருந்து பழையபடி தொடங்கிவிட்டது. கரடியனாற்றில் இருக்கிற அவளுடைய சித்தியின் மகளுக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி. வவுனியாவில் யாரையாவது தெரியுமா, அங்கே விசாரித்தார்களா, இங்கே கேட்டார்களா. பிறகு தேவனின் படத்தைப் பெருப்பித்து எடுத்தாள். நான் வேலையால் வந்தால் தேத்தண்ணிக்கு முன் கேள்வி வரும்: "டோரிஸ இண்டைக்குக் கண்டவங்களா?" கண்டதாகச் சொன்னால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள். ஏரியில் ஒரு மீன் வாலை அடித்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இது எங்கே போய் முடியுமோ என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன்.

போன வியாழக்கிழமை டெரிக் தொலைபேசி எடுத்தார். டோரிஸ் நாணற்பக்கம் மிதக்கிறாள். வயசு போய்விட்டது, வேறு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அடக்கம் செய்யப் போகிறோம், நீதானே கடைசியாகப் பிடித்தவன், நீ வர வேண்டும் என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பெரிய ஏரி, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னேன்.

தவமணி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உடம்பு கிடைச்சதா?"

"ஓம். மிதந்ததாம்."

"எங்க வைக்கப் போறாங்க?"

"ஏரிக்கரையில."

"நானும் வாறன்" என்றாள்.

5

ஏரிக்குப் போய்க் காரிலிருந்து இறங்கினபோதுதான் கண்டேன். கோட்டுக்குக் கீழே அவள் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

ஒரு ஏழெட்டுப் பேர், எல்லோரும் மழைக்கோட்டும் சேற்றுச் சப்பாத்தும். வில்லோ மரத்துக்குக் கீழே ஆழமாகக் குழி வெட்டியிருந்தார்கள். டெரிக் டோரிஸை ஒரு ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். குழிக்குப் பக்கத்தில் வைத்துத் துணியை விலக்கினார், எல்லோரும் கடைசியாகப் பார்க்கட்டும் என்று.

தவமணி நேரே போய்ப் பக்கத்தில் குந்தினாள். தன்னுடைய ஆங்கிலத்தில் டெரிக்கிடம் கேட்டாள். வேறு மீனாக இருக்காதா? நிச்சயமாகத் தெரியுமா?

டெரிக் சிரிக்கவில்லை. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தானும் குந்தி, கிழிந்த செட்டையை விரித்துக் காட்டினார். செதில் இல்லாத இடத்தைக் காட்டினார். "தெரியும், அம்மணி. இவளை எனக்கு நன்றாகத் தெரியும். இது அவள்தான்" என்றார்.

தவமணி அந்த வழுக்கை இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தடவினாள். தம்பியை இப்படித் தொட்டுப் பார்க்க அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

மீனைக் குழிக்குள் இறக்கினார்கள். டெரிக் இரண்டு வார்த்தை பேசினார். மண்வெட்டியை எடுக்கப் போனவரைத் தவமணி கையால் மறித்தாள். குனிந்து ஒரு கை மண் அள்ளிப் போட்டாள். இரண்டாவது கை. மூன்றாவதைப் போடும்போது, "ஐயோ என்ட தம்பி! என்ட ராசா! ஒரு கை மண்ணு போட ஏலாமப் போச்சேடா எனக்கு!" என்று ஓங்கிக் குரல் வைத்தாள். நம்மூர்ச் செத்த வீட்டில் கேட்கிற அதே குரல். ஏரியில் நின்ற வாத்துகள் எழும்பிப் பறந்தன. அந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

நான் டெரிக்கிடம் சொன்னேன். அவளுக்கு ஒரு தம்பி, கடல் கொண்டு போனது, உடம்பு கிடைக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் சொன்னேன். டெரிக் தொப்பியைக் கழற்றினார். குனிந்து ஒரு கை மண் போட்டார், அவள் போட்டது போலவே மூன்று தரம். பின்னால் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து போட்டார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் போட்டேன், என் மச்சானுக்கு.

திரும்பி வரும்போது தவமணி கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தமிழ்க் கடைத் திருப்பத்தில், "கடையடிய நிப்பாட்டுங்க" என்றாள்.

"என்ன வேணும், எடுத்துட்டு வா."

"நான் வரல்ல. நீங்க போங்க." கொஞ்சம் பொறுத்து, "மச்சான்தானே கொண்டு வரணும்" என்றாள்.

காரை ஓரத்தில் நிறுத்தினேன். எந்த நாளிலிருந்து முப்பத்தொன்று கணக்குப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கடைக்குள் போய், குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, ஆம்பிளை நான், அழுதேன். கடைக்காரர் விலையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அண்ணே, குறைச்சுத் தாறன்" என்றார். ஏரியின் ராசா நான். கடைசியில் என் மச்சானுக்கு எடுத்தது பனிக்கட்டியாய் உறைந்துபோன இரண்டு மணலை மீன்.

வீட்டடியில் அவள் முதலில் இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுக்குப் படலை இல்லை, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் கேட்தான். மழைத் தூறலில் அதற்கு வெளியே நின்று, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டேன்.

"புள்ள! மீன் கொண்டு வந்திருக்கன்!"

பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. அசையட்டும். தவமணி கதவைத் திறந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினாள்.

மணலை ஆணம் காய்ச்சினாள், புளி விட்ட குழம்பு. கை எதையும் மறக்கவில்லை. மணத்துக்கு மயூரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் வீட்டில் அவள் முதன்முதலாகத் தின்கிற மீன்; முள் எடுக்கத் தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு திண்டாடினாள். தவமணி தன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். விரலால் முள்ளை எடுத்துச் சோற்றோடு குழைத்து அவளுடைய வாயில் வைத்தாள்.

"உன்ட மாமாவுக்கும் நான்தான் முள்ளெடுத்துக் குடுக்கிற" என்றாள். "செத்துப் போனான், புள்ள. கடல் வந்த அந்தக் காலமையே செத்துப் போனான்."

மயூரி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். தவமணி அடுத்த வாய்ச் சோற்றைக் குழைத்தாள்.